பின்பக்கம் நிமிர்ந்தால் போதுமா? பிக்கப் வண்டிக்கு ‘ஏர் ஹெல்பர்’ மாட்டும் முன்...

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில், பனமலையிலிருந்து செஞ்சி போகும் பாதையில் இருட்டிய பிறகு பைக்கில் போய்ப் பாருங்கள். எதிரே ஒரு பிக்கப் வரும். அதன் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாது, நேராக உங்கள் கண்ணில் அடிக்கும். நீங்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு சிக்னல் கொடுத்தாலும் பிரயோஜனம் இருக்காது. காரணம், அந்த ஓட்டுநர் ஏற்கெனவே ‘டிம்’மில்தான் வருகிறார். பின்னால் ஏற்றியிருக்கும் நெல் மூட்டைகளின் பாரத்தில் வண்டியின் வால் உட்கார்ந்துவிட்டது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மலை மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில், கீழே பெரிய ஏரி, சுற்றிலும் நெல்லும் மணிலாவும் என்று இருக்கும் ஊர் பனமலை. இங்கிருந்தும் சுற்று வட்டார கிராமங்களிலிருந்தும் நெல் போய்ச் சேரும் முக்கியமான இடங்களில் ஒன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அங்கே மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பதில் பெரிய பங்கு ‘குட்டி யானை’ என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸுக்கும், அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கும், மஹிந்திரா பொலேரோ பிக்கப்புக்கும் உண்டு. பெரும்பாலும் கடனில் வாங்கிய வண்டிகள். தவணைத் தேதி வாரா வாரம் ஞாபகத்துக்கு வரும். ஒரே நடையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் அந்தக் குடும்பங்களின் கணக்கு.

வால் உட்கார்கிறது என்றால் உடனே என்ன செய்வார்கள்? ஸ்பிரிங் பட்டறைக்குப் போய், “அண்ணே, பின்னாடி ரொம்ப உக்காருது, ரெண்டு பட்டை சேத்துடுங்க” என்பார்கள். காலம் காலமாக இருக்கும் வைத்தியம் இது. இப்போது செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, “பட்டைக்குப் பதிலா காத்துப் பை வெச்சா என்ன?” என்று கேட்பவர்கள் வந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தும் பொருள்தான் இந்த ‘ஏர் ஹெல்பர் ஸ்பிரிங்’. இதற்காகவே மிச்சிகன் மாநிலத்தில் 1949-லேயே ‘ஏர் லிஃப்ட்’ என்று ஒரு நிறுவனம் ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்ல பொருள்தான். ஆனால், அது செய்யும் வேலை வேறு. அது செய்யும் என்று நாம் நம்பும் வேலை வேறு.

நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்ததுதான்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விபத்து நடந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து பட்டென்று விரியுமே, அந்த ஏர்பேக் இல்லை இது. தடிமனான ரப்பரில் செய்த, மடிப்பு மடிப்பான உருளை. இரண்டு டயர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். அதற்குள் காற்று.

ஆம்னி பஸ்களின் முன் கண்ணாடியில் ‘ஏர் பஸ்’ என்று பெருமையாக எழுதியிருப்பார்களே... அந்த ‘ஏர்’ இதுதான். பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் பிறந்த வந்தே பாரத் ரயில் குலுங்காமல் போவதற்கும் அடியில் இருக்கும் காற்று ஸ்பிரிங்குகள் ஒரு காரணம். 2024 ஆகஸ்ட்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓடவிட்ட தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் ஒரு பக்கமாகக் கொஞ்சம் மண்டியிட்டு வயதானவர்களை ஏற்றிக்கொள்கின்றன. அதுவும் காற்றை இறக்கி ஏற்றும் வித்தைதான். சென்னை பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா நிறுவனம் பஸ், லாரிகளுக்கான ஏர் சஸ்பென்ஷனைப் பல வருடங்களாகத் தயாரித்து வருகிறது. ஆக, நமக்கு இது வெளிநாட்டு அதிசயம் ஒன்றும் இல்லை.

பஸ்ஸுக்கும் பிக்கப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் பாரம் முழுவதையும் காற்றுதான் தாங்குகிறது. பிக்கப்பில் கம்பெனி கொடுத்த பட்டை ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகளைக் கூடுதலாக மாட்டுகிறார்கள். பாரத்தில் ஒரு பங்கைப் பட்டையிடமிருந்து வாங்கிக்கொள்வதால்தான் ‘ஹெல்பர்’. (லாரியில் ‘ஹெல்பர்’ என்றால் கிளீனர் தம்பி என்று அர்த்தம். இவரும் கிட்டத்தட்ட அதே உத்தியோகம்தான்.)

பை எவ்வளவு தாங்கும்? சின்னக் கணக்கு. 5 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர அங்குலம். உள்ளே 50 பிஎஸ்ஐ காற்று இருந்தால், 20-ஐ 50-ஆல் பெருக்க, ஆயிரம் பவுண்டு. அதாவது சுமார் 450 கிலோ. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு. கார் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்று, ஆறு நெல் மூட்டையைத் தூக்கி நிறுத்துகிறது. டியூப் வால்வு போன்ற வால்வுதான் என்பதால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம். அமுங்க அமுங்க உள்ளே காற்று நெருக்கப்பட்டு, பை இன்னும் விறைப்பாகும். அதனால் பள்ளத்தில் விழும்போது ‘டங்’கென்று இரும்பு இரும்போடு மோதுவது குறையும்.

பட்டையா, பையா?

அந்தக் காலத்து மிராசுதார் வீட்டு மாட்டு வண்டிக்கு ‘வில் வண்டி’ என்று பெயர். அச்சுக்கும் வண்டிக்கும் இடையில் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் இருந்ததால் அந்தப் பெயர். இன்றைய பிக்கப்பின் பின்பக்கத்திலும் அதே வில்தான், கொஞ்சம் நீளமாகவும் அடுக்கு கூடுதலாகவும். ஒரு பட்டை சேர்த்தால் வில் விறைப்பாகும். பாரம் ஏற்றினாலும் உட்காராது.

சிக்கல் என்னவென்றால், சேர்த்த பட்டை எப்போதும் அங்கேயே இருக்கும். செஞ்சியில் மூட்டையை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போதும் அதே விறைப்பு. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது; மழையில் திருப்பத்தில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுபவரின் இடுப்பு கழன்றுபோவது தனிக் கதை. திரும்பும் நடையில் தக்காளியோ முட்டையோ ஏற்றினால், வீட்டுக்கு வருவதற்குள் பாதி சட்னி.

காற்றுப் பையின் வசதி இங்கேதான். போகும்போது ஏற்று, வரும்போது இறக்கு. ஒரு பக்கம் முழு பாரம், திரும்பும்போது காலி என்று ஓடும் வண்டிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். பந்தல் சாமான், தண்ணீர் டேங்க், நடமாடும் டிபன் கடை என்று எப்போதும் ஒரே பாரத்தைச் சுமக்கும் வண்டியா? அப்படியானால் ஒழுங்காக அளந்து செய்த பட்டைக் கட்டே போதும். அதற்கு ஓட்டை விழாது, காற்று பார்க்க வேண்டாம், செலவும் குறைவு.

ஆனால், இரண்டில் எதற்குப் பணம் எடுத்து வைப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல வண்டிகளில் வால் உட்காருவது பாரத்தால் மட்டும் இல்லை, ஸ்பிரிங் களைத்துப்போனதால். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தால் அந்தப் பக்கம் ஏதாவது ஒரு பட்டை உடைந்திருக்கலாம், சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம். பட்டைகளின் வளைவு போய்த் தட்டையாகியிருந்தால், பட்டறையில் மறுபடி வளைவு ஏற்றித் தருவார்கள்; ரொம்ப வயதானதாக இருந்தால் புதுக் கட்டு மாற்றுவதே நல்லது. உடைந்த பட்டைக்கு மேல் காற்றுப் பை மாட்டுவது, கால் உடைந்தவருக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுப்பது போலத்தான்.

பை தூக்கும்... ஆனால் சுமக்காது!

காற்றுப் பையை மாட்டியதும் வண்டி பார்ப்பதற்கு நிமிர்ந்து நிற்கும். 17 மூட்டை ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கும். 30 மூட்டை ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கும். ஆபத்து சரியாக இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. வால் உட்காருவது என்பது ஓட்டுநருக்கு வண்டி காட்டும் எச்சரிக்கை. பை அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது. பாரம் எங்கேயும் போகவில்லை.

75 கிலோ மூட்டை என்று வைத்துக்கொள்வோம். 1.3 டன் ஏற்றலாம் என்று அனுமதி உள்ள வண்டியில் 17 மூட்டை வைத்தால் 1,275 கிலோ. 30 மூட்டை வைத்தால் 2,250 கிலோ. வண்டியின் சொந்த எடை 1,700 கிலோ என்று எடுத்துக்கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 3 டன்னாக இருக்க வேண்டிய வண்டி 4 டன்னைத் தொடுகிறது. அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த, பிரேக் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தியை விழுங்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு உதவியாள் வைத்தோம். பிரேக்குக்கு வைத்தோமா? அச்சுக்கு? வீல் பேரிங்குக்கு? டயருக்கு? சேஸிஸுக்கு? இவை எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கின்றன. டயரின் பக்கச் சுவரில் அது அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று அச்சடித்தே இருக்கும். பெரும்பாலானவர்கள் படித்ததே இல்லை.

மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாகத்தில் 200 கிலோ வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.5 மீட்டர். ஊஞ்சல் பலகை போல, அந்த 200 கிலோ முன்சக்கரங்களின் மேல் இருந்து 80 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சின் மேல் 280 கிலோவாக இறங்கும். முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் ‘லேசாக’ இருக்கும். சிலர் இதைச் சுகம் என்று நினைக்கிறார்கள்! முன்சக்கரம் ரோட்டை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். காற்றுப் பை வண்டியை நிமிர்த்தினாலும் இந்த 80 கிலோ முன்னால் திரும்பி வராது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரே வழி, மூட்டையை முன்னால், கேபினை ஒட்டி அடுக்குவதுதான். அதற்குக் காசே செலவில்லை.

பிரேக்குக்கு யார் சொல்வது?

இதுவரை சொன்னதைப் பழைய ஓட்டுநர்கள் பலர் அறிவார்கள். அடுத்து வருவது பலருக்குத் தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். காலி பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பிரேக் பிடித்தால் இன்னும் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின்பிரேக் அழுத்தமாகப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுபோய், வால் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வரும். பாரம் இருக்கும்போது நிலைமை தலைகீழ். பின்சக்கரத்தில் நல்ல பிடி இருப்பதால் பின்பிரேக் நன்றாக வேலை செய்யத்தான் வேண்டும். ஆக, காலியாக இருந்தால் பின்பிரேக்குக்குக் குறைவாகவும், பாரம் இருந்தால் கூடுதலாகவும் அழுத்தம் போக வேண்டும்.

வண்டியில் பாரம் இருக்கிறதா, இல்லையா என்று பிரேக்குக்கு யார் சொல்வது?

பல பிக்கப்களில் அதற்கென்றே ஒரு வால்வு உண்டு. ‘லோடு சென்சிங் வால்வு’ என்பார்கள். சர்வீஸ் சென்டரில் ‘எல்.எஸ்.பி.வி’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும், அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி குறையும், கம்பி நகரும், ‘பாரம் வந்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. உயரம் ஒன்றுதான் அதற்குத் தெரிந்த மொழி.

இப்போது காற்றுப் பையை மாட்டி, முழுப் பாரத்தோடு வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டோம். வால்வுக்கு என்ன தெரியும்? சேஸிஸ் இறங்கவே இல்லை. அப்படியானால் வண்டி காலி. பின்பிரேக்குக்குக் குறைந்த அழுத்தம் போதும்! பின்னால் ஒன்றரை டன் நெல் இருக்க, நிறுத்தும் வேலை முழுக்க முன்பிரேக்கின் தலையில் விழுகிறது. வண்டி நிற்க வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடும். குறுக்கே வரும் சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய தூரம் அது. ஜவ்வாது மலை மாதிரி இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் முன்பிரேக் சூடாகி, பிடிப்பே குறைந்துபோகும்.

கூடுதல் பட்டை சேர்த்தாலும் இதே கதைதான். ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினாலும் இதே கதைதான். ‘பட்டை சேர்த்த பிறகு பிரேக் சரியா பிடிக்கல’ என்று லைனிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. லைனிங் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு ஊரில் ஒரு கைவைத்தியமும் இருக்கிறது. வால்வின் கம்பியை ‘எப்போதும் பாரம்’ நிலையில் இழுத்துக் கட்டிவிடுவது. செய்யவே கூடாத வேலை இது. திரும்பும்போது காலி வண்டியில், நனைந்த ரோட்டில் ஒரு பிரேக் பிடித்தால் வால் முன்னால் வந்துவிடும்.

சரியான வழி, உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் பின் அச்சுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தாலே கம்பி தெரியும். இருந்தால், காற்றுப் பை மாட்டுவதற்கு முன்பே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட வேண்டும். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். சில புதிய வண்டிகளில் சக்கரம் வழுக்குவதை நேரடியாகக் கவனித்து ஏ.பி.எஸ்., இ.பி.டி. இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே உயரத்தால் வரும் குழப்பம் இருக்காது. ஆனால் எது எந்த வண்டியில் இருக்கிறது என்பதை அனுமானத்தில் முடிவு செய்யக் கூடாது.

மாட்டுவது என்று முடிவெடுத்தால்...

அனுமதி எடைக்குள் ஓட்டுகிறீர்கள், ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, வால்வு விஷயமும் தீர்ந்தது. ஆனாலும் ஏற்றும்போது வால் கொஞ்சம் தாழ்கிறது, திருப்பத்தில் சாய்கிறது, ஹெட்லைட் எதிரில் வருபவரைத் தொந்தரவு செய்கிறது. அப்படியானால் காற்றுப் பை உண்மையிலேயே உதவும்.

உங்கள் மாடலுக்கென்று வந்த பிராக்கெட்டாக இருக்க வேண்டும். பட்டறையில் இரும்புத் துண்டை வெட்டி, சேஸிஸில் ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்து மாட்டுவது சேஸிஸைப் பலவீனப்படுத்தும். விரிசல் பெரும்பாலும் அந்த ஓட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கும். காற்று நிரம்பிய பையைச் சுற்றி எதுவும் உரசாமல் இடைவெளி வேண்டும். முக்கியமாக சைலன்ஸர் பைப். சூடு பட்டால் ரப்பர் போய்விடும். பிரேக் ஹோஸ் நசுங்குகிறதா என்று வண்டியை ஜாக்கியில் ஏற்றியும் இறக்கியும் பார்க்க வேண்டும்.

இரண்டு பைகளுக்கும் ஒரே குழாயை ‘டி’ போட்டு இணைப்பது சுலபம். ஒரே வால்வில் காற்று பிடித்துவிடலாம். ஆனால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அமுங்கும் பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடும். சாய்வு இன்னும் கூடும். பக்கத்துக்கு ஒரு வால்வு வைத்தால் இந்தப் பிரச்னை இல்லை.

காற்று எவ்வளவு? பாரத்தை ஏற்றிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து ஐந்து பிஎஸ்ஐ-யாக ஏற்றுவதுதான் முறை. வண்டி சமமாக நிற்கிறதா, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘இன்னும் கெத்தா நிக்கட்டும்’ என்று ஏற்றினால் ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு, அது போய்விடும். இறக்கிய பிறகு காற்றைக் குறைக்க வேண்டும், ஆனால் முழுக்கக் காலி செய்யக் கூடாது. இந்த வகைப் பைகளில் பலவற்றுக்கு 5 பிஎஸ்ஐ-யாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் மடங்கி, நசுங்கிக் கிழியும். மாட்டிய மறுநாள் காலையில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே கசிவு. பை வெடித்தால்? பயப்பட வேண்டாம். பட்டை ஸ்பிரிங் அப்படியே இருப்பதால் வண்டி பழையபடி தாழுமே தவிர, நடுவழியில் நிற்காது. ஒரு பக்கம் மட்டும் போனால் வண்டி ஒருச்சாய்ந்து ஓடும் என்பதால், அந்தப் பக்கத்தையும் மற்றப் பக்கத்தையும் சமன் செய்துவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம்.

ஹெட்லைட் பிரச்னைக்கு மட்டும் இவ்வளவு செலவு என்றால், முதலில் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் ஏற்றியதும் அதைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். பல வண்டிகளில் இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத குமிழ் அது.

‘குலுங்காது, ஏறுங்க...’

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர். அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சுற்று வட்டாரமே திரளும். காதுகுத்து, நிச்சயதார்த்தம், துக்க வீடு என்று எதற்கென்றாலும் கிராமத்தில் ஒரு பிக்கப்பைப் பிடித்து, பின்னால் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது தெரியாதவர்கள் இல்லை. பஸ் வசதியும் கைக்காசும் அப்படி.

காற்றுப் பை வந்த பிறகு, ‘இப்பதான் குலுங்காதே’ என்று ஒரு புதுச் சமாதானம் சேர்ந்துகொள்ளும். மூட்டை நகராது. மனிதர்கள் நிற்பார்கள், சாய்வார்கள், திருப்பத்தில் எல்லோரும் ஒரே பக்கம் போவார்கள். நிற்கும் இருபது பேரின் பாரம் மூட்டையைப் போலத் தளத்தை ஒட்டி இருக்காது. இடுப்பு உயரத்தில் இருக்கும். வண்டி கவிழ அது போதும். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பெல்ட் இல்லை, கூரை இல்லை. சஸ்பென்ஷன் எவ்வளவு சுகமாக இருந்தாலும் இது எதுவும் மாறாது. மாமியாரோ மருமகளோ, ‘பஸ்ல வர்றேன்’ என்று சொன்னால் அந்தக் குரலுக்கு வீட்டில் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்தும் ஆர்.சி-யில் இருப்பதிலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றி அமைக்கத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. ஆகவே மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. டீலரிடம் வாரன்ட்டி பற்றியும் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி அடியில் குனிந்து பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

எடை விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்த ஸ்பிரிங் மாட்டினாலும் ஆர்.சி-யில் உள்ள எடை ஒரு கிலோகூடக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். எடை போட மறுத்து வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000. இரண்டு நடையாக அடித்தால் கூடுதலாக ஆகும் டீசல் காசை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியாதா? போனில் எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் ஆப்பைத் திறந்தால் ஆர்.சி. வந்துவிடும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் அளவு. ஓட்டுநரும் பக்கத்தில் உட்காருபவரும் அந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள்.

அடுத்த முறை செஞ்சி போகும்போது எடை மேடையில் மூன்று தடவை நிறுத்தச் சொல்லுங்கள். முழு வண்டியும் ஒரு தடவை, முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் ஒரு தடவை. மூன்று சீட்டையும் வாங்கிக்கொண்டு, கையேட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் எடையோடு வைத்துப் பாருங்கள். பின் அச்சு மட்டும் எல்லை தாண்டியிருந்தால், நாலைந்து மூட்டையைக் கேபின் பக்கம் தள்ளி அடுக்கிவிட்டு மறுபடி எடை போடுங்கள். மொத்தமே எல்லை தாண்டியிருந்தால், காற்றுப் பை வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டாவது நடைக்கு டீசல் போடலாம்.